எர்த்துக் குழி

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் வேணி வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வாள். "சாமி வெளக்கு எரியுத வீட்டுல செருப்புக் காலோட நடமாட்டம்" என்று முன்கட்டில் இருக்கும் ஓரகத்தி நீலாம்பாள், யாரிடமோ சொல்வதுபோல இவள் காதில் விழச் சொல்வாள். வேணி பதில் பேச மாட்டாள். செருப்பில்லாமல் உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் முழங்கை பட்டால், கட்டெறும்பு கடித்த மாதிரி சுள்ளென்று ஒன்று தோள்வரைக்கும் ஏறும். மழைநாளில் தரை ஓதமேறிக் கிடந்தால் இன்னும் மோசம். இதை நீலாம்பாளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்க?

திருநெல்வேலி டவுணில், ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு முடுக்கில் இருந்தது அந்த வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்கட்டில் மூத்தவர் காந்திமதிநாதன், தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். அவர் மனைவி நீலாம்பாள். நடுக்கட்டில் இளையவன் குமரவேல்; அவன் மனைவி வேணி. பின்கட்டும் கிணறு இருக்கிற புறவாசலும் பொது. அப்பா போய்ச் சேர்ந்ததிலிருந்து பங்கு பிரிப்புப் பேச்சு ஓடுகிறது. அடுப்பு ரெண்டாகிவிட்டது. மீட்டர் ஒன்றுதான், கிணறு ஒன்றுதான். பின்கட்டில் கிடக்கிற கிரைண்டரும் ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு போக ஒருவராலும் ஆகாது என்பதால் அது பிரியவில்லை.

வேணி கல்யாணப் பத்திரிகைகளுக்குத் தமிழில் டைப் செய்து கொடுப்பாள். ஜங்ஷனில் இருக்கும் அச்சகத்துக்காரர் காகிதத்தில் எழுதியதைக் கொடுத்துவிடுவார். இவள் அடித்து, கட்டம் போட்டு, பிள்ளையார் படம் வைத்து, பிளாப்பியில் ஏற்றி அனுப்புவாள். ஒரு தாய்மாமன் பேர் விட்டுப்போனால் கல்யாண வீட்டில் வெட்டுக்குத்தே வரும். வேணி அடித்த பத்திரிகையில் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வீட்டில் அதை யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், "நிகழும் ஈஸ்வர வருஷம் கார்த்திகை மாதம்" என்று அடித்துக்கொண்டிருக்கும்போது இடி இறங்கியது. எங்கே இறங்கியதோ தெரியாது. சுவர் அதிர்ந்தது, திரை ஒரு தரம் வெள்ளையாகப் பளிச்சிட்டு அணைந்தது, பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. பெட்டி அதன்பிறகு உயிர் பெறவில்லை. முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கிற மாதம். அச்சகத்துக்காரர் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேலையைப் பாளையங்கோட்டையில் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

பெட்டிக்குக் காவலாக ஒரு ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டியிருந்தாள். சிவப்பு லைட்டோடு வெள்ளையாக நீளமாக ஒரு பிளக் பலகை. அதைப் பையில் போட்டுக்கொண்டு, வாங்கிய கடைக்கே வண்ணார்பேட்டைக்குப் போனாள். அருமைநாயகம் என்பவரின் கடை.

"இடி விழுந்தாலும் பெட்டிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லித்தான அண்ணாச்சி இத குடுத்திய?"

அருமைநாயகம் திருப்புளியை எடுத்து அதைக் கழற்றினார். உள்ளே பட்டாணி அளவில் நீலமாக ஒரு வில்லை. பாதி வெடித்துக் கரியாகியிருந்தது.

"இது அதோட வேலையச் செஞ்சிருக்கு அக்கா. செத்துப் போயிருக்கு பாருங்க."

"அது செத்தா எனக்கென்ன? என் பெட்டியும்லா செத்துட்டு."

"வீட்டுல எர்த்து இருக்கா?"

"மூணு ஓட்டை பிளக்குதான் போட்டிருக்கோம்."

"ஓட்டை இருக்கது சரி. ஓட்டைக்குப் பின்னால கம்பி இருக்கா? அந்தக் கம்பி மண்ணுக்குள்ள போவுதா?" அவர் வில்லையை நகத்தால் தட்டினார். "தொண்ணூத்திரண்டுல ஆத்துல வெள்ளம் வந்துதுல்லா. அளவுக்கு மிஞ்சுன தண்ணிய ஓடை வெட்டி வெளிய விட்டாத்தான் ஊரு தப்பும். ஓடை இல்லாட்டா வீட்டுக்குள்ளதான் வரும். இதுவும் அப்படித்தான். மிஞ்சுன கரண்ட இது எர்த்துப் பக்கம் தள்ளி விடும். அங்கன வழி இல்லாட்டா, அது உங்க பெட்டிக்குள்ள போயிரும்."

"வாங்கும்போது இதச் சொன்னா என்ன அண்ணாச்சி?"

"யாரும் கேக்கலையே அக்கா."

"செவப்பு லைட்டு எரிஞ்சிக்கிட்டுல்லா இருந்து?"

"அது கரண்டு வருதுங்கதுக்கு எரியுத லைட்டு. எர்த்து இருக்குங்கதுக்கு இல்ல. எர்த்து போட்டாலும் சொல்லுதேன், இடி கிட்ட வருதுன்னா பிளக்கப் புடுங்கிப் போட்டுருங்க. அதுக்கு மேல ஒரு காவலும் கெடையாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது வேணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் அந்தச் சிவப்பு லைட்டை நம்பி உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் வயர்மேன் காசிலிங்கத்தை வரச் சொன்னாள். ஐம்பது வயசுக்காரர், அந்த முடுக்கில் பாதி வீட்டுக்கு அவர்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டை மட்டுந்தாம்மா இருக்கு" என்றார். "உங்க மாமனார் காலத்து வயரிங். மரச்சட்டத்துக்குள்ள ரெண்டே கம்பி. மூணாவது கம்பி வீட்டுலயே கெடையாது. புதுசா கம்பி இழுக்கணும், குழி போடணும். ஆள் உயரத்துக்குத் தோண்டி, நடுவுல இரும்புக் குழாய எறக்கி, சுத்திக் கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்கா போட்டு மூடணும். கிணத்தடின்னா ஈரம் காயாது. அங்கனதான் தோது."

"போடுங்க."

"நான் போடுதேன். ஆனா புறவாசல் பொதுல்லா. மூத்தவாள்ட்ட ஒரு வார்த்தை..."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் குமரவேல் நாலைந்து நாள் இழுத்தடித்தான். கூட்டுறவு பண்டகசாலையில் வேலை அவனுக்கு. அங்கே பத்துப் பேரை விரட்டி வேலை வாங்குகிறவன், அண்ணன் முன்னால் போனால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேணி அவனைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாக முன்கட்டுக்குக் கூட்டிப் போனாள். காந்திமதிநாதன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குமரவேல் ஆரம்பித்தான், "அண்ணே, இந்தக் கரண்டு விஷயமா..." என்றதோடு நின்றுவிட்டான். வேணிதான் கதவோரம் நின்று சொல்லி முடித்தாள்.

அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "கிணத்தடி ஈசான மூலைல்லா. அங்கன போயிக் குழி தோண்டுததாவது."

"அப்ப தென்கிழக்கால தோண்டிக்கிடுதோம் அத்தான்."

"அது அக்கினி மூலை."

"அப்ப எங்கனதான் தோண்ட?"

"தோண்ட வேண்டாங்கேன்." இப்போது பேப்பர் மடங்கியது. "நாங்க பொறந்து வளந்த வீடு. எர்த்தா இருந்து இங்க? ஒரு உசுரு போயிருக்கா?"

"அப்ப நாலு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்திருக்கும். இப்ப பிரிட்ஜ் இருக்கு, கிரைண்டர் இருக்கு, என் பெட்டி இருக்கு. தகரத்துல கை வச்சா கடிக்கி அத்தான். நீங்களே வந்து வச்சிப் பாருங்க."

"நான் எதுக்கு வைக்கேன்? அந்தப் பெட்டியே வேண்டாம்னுதான் நான் முதல்லயே சொன்னேன்." அவர் தம்பியைப் பார்த்துப் பேசினார். "ஏலே, பங்கு எழுதி முடியாத எடத்துல ஒருத்தன் ஒரு குழி தோண்டுனா, நாளைக்கி அது அனுபவ பாத்தியதைன்னு வந்து நிக்கும். அனுபவத்த எந்தக் கொம்பனாலயும் அசைக்க முடியாது. நான் ஆபீஸ்ல தெனம் பாக்கேன்."

"குழிக்குள்ள நான் குடியா இருக்கப் போறேன்?" என்றாள் வேணி.

"வேணி, நீ உள்ள போ" என்றான் குமரவேல்.

அவள் உள்ளே போனாள். நடுக்கட்டுக்கு வந்து அரிசியை முறத்தில் கொட்டினாள். ஆள் உயரத்துக்கு ஒரு குழி. அதுவும் மூடிவிடப் போகிற குழி. அதற்கு வாஸ்து, அனுபவம், ஆபீஸ். புருஷன் பின்னாலேயே வந்து, "அண்ணன் சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்கத்தான செய்யுது" என்றபோது, அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை ரிப்பேர் செய்து கொண்டுவந்து வைத்த பிறகு, ஒருநாள் அவள் அச்சகத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் காசிலிங்கம் வந்து போயிருந்தார். பெட்டிக்கும் பிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் பச்சைக் கம்பி புதிதாக ஓடியது. குமரவேல் முகத்தில் ஒரு சந்தோஷம்.

"எர்த்து குடுத்தாச்சு. போதுமா?"

"குழி?"

"குழி இல்லாமலே ஒரு வழி இருக்காம். அவருக்குத் தெரியாததா?"

வேணி விரல் முனையால் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கடிக்கவில்லை. உள்ளங்கையை வைத்தாள்; ஒன்றும் இல்லை. அந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று கேட்டாள். "ஏட்டி, உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றான். அச்சகத்திலிருந்து அப்போதுதான் பாதி வேலையாவது திரும்பி வந்திருந்தது. அவள் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

கார்த்திகை பிறந்து விடாமல் மழை. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம், வானம் உறுமத் தொடங்கியதும் வேணி பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காயாத துணிகளை நடுக்கட்டுக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்கட்டில் நீலாம்பாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். முன்கட்டுப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். வீடு இருண்டது. கிரைண்டர் முனகி நின்றது.

"ஏட்டி வேணி, கரண்டு போயிட்டு. அந்த அரிக்கேன எடுத்தா. நான் இருக்க மாவ வழிச்சிருதேன்."

"இந்தா வாரேன்க்கா."

விளக்கை ஏற்றித் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவள், திறந்திருந்த கதவு வழியாகப் புறவாசலைப் பார்த்தாள். தேங்கி நின்ற தண்ணீரில் பின்தெருக் குழல்விளக்கின் வெளிச்சம் வெள்ளையாக நெளிந்தது. தெருவில் கரண்டு இருக்கிறதே என்று அவள் நினைத்து முடிக்கவில்லை. கிரைண்டர் பக்கம் தொண்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

நீலாம்பாளின் வலது கை கிரைண்டர் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. உடம்பு விறைத்து நடுங்கியது. வாய் கிட்டிப்போயிருந்தது. கண்கள் வேணியைப் பார்த்தன.

"அக்கா!" என்று வேணி கையை நீட்டிவிட்டாள். தொட ஒரு விரல்கடை இருக்கும்போது, எதுவோ அவளைப் பிடித்து நிறுத்தியது. விளக்கைக் கீழே வைத்தாள். சுவரோரம் சாத்தியிருந்த மணைப்பலகையைத் தூக்கி, நீலாம்பாளின் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. கை விடவில்லை. இன்னொரு அடி. நீலாம்பாள் மாவுச் சட்டியோடு சேர்ந்து பின்னால் சரிந்தாள்.

"மெயின ஆப் பண்ணுங்க!" என்று வேணி கத்தினாள்.

முன்கட்டிலிருந்து காந்திமதிநாதன் குரல் நிதானமாக வந்தது. "கரண்டே இல்ல, மெயின எதுக்கு ஆப் பண்ண?"

"ஆப் பண்ணுங்கேன்லா!"

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. மெயின் சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்டது. வேணி தரையில் உட்கார்ந்து நீலாம்பாளின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். மூச்சு வந்தது. உள்ளங்கையிலும் இரண்டு விரல்களிலும் தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. எங்கே பார்த்தாலும் மாவு.

ஆஸ்பத்திரியில் நீலாம்பாளை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, கைக்காயம் ஆற நாளாகும் என்றார்கள். வராந்தாவில், பார்க்க வந்த ஆட்கள் முன்னால், காந்திமதிநாதன் தம்பியிடம் சொன்னார்: "அந்தப் பெட்டி வந்த நாள்ல இருந்தே வீட்டுக்கு ஆவல. பச்சைக் கம்பி, செவப்புக் கம்பின்னு வீடு பூரா இழுத்து விட்டு, இப்ப என் பொண்டாட்டியக் கொல்லப் பாத்துட்டிய. மொதல்ல அத எடுத்து வெளிய போடு."

குமரவேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேணி அவன் வாயைப் பார்த்தாள். திறக்கவில்லை.

மறுநாள் காலை காசிலிங்கம் வந்தார். மெயின் போர்டைத் திறந்து, எரிந்துபோன பீஸ் கட்டையை உருவிப் பார்த்தார்.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சாவணும்."

"பழைய போர்டும்மா. கரண்டு வார கம்பிக்கு ஒரு பீஸு, திரும்பிப் போற நியூட்ரல் கம்பிக்கு ஒரு பீஸு. நியூட்ரல் பீஸு போயிட்டு. வெளக்கு அணைஞ்சிட்டு, அவ்வளவுதான். கரண்டு வீட்டுக்குள்ளதான் நின்னுக்கிட்டு இருந்து."

"அது கிரைண்டருக்கு எப்படி வந்துது? எர்த்து குடுத்ததாச் சொன்னாவளே?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "குழி இல்லைல்லா. அந்தப் பச்சைக் கம்பிய இங்கன நியூட்ரல்லயே சேத்து விட்டிருந்தேன். திரும்பிப் போவ வழி இல்லாம, கரண்டு அது வழியாப் போயி கிரைண்டர் தகரத்துல ஏறிட்டு."

வேணி பிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். பிரிட்ஜிலும் ஏறியிருக்கும். அன்றைக்கு இருட்டில் யார் எதைத் தொட்டிருந்தாலும் இதேதான்.

"தெரிஞ்சா செஞ்சிய?"

"நெறைய வீட்டுல இப்படித்தாம்மா போட்டிருக்கேன். ஒண்ணும் ஆவல. உங்க வீட்டுக்கார சாருதான், அண்ணன் குழி தோண்ட விடமாட்டாவ, தற்காலிகமா என்னமாவது பண்ணுங்கன்னு சொன்னாவ. தப்புன்னு நானும் சொல்லத்தான் செஞ்சேன். பாத்துக்கிடலாம்னாவ."

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆவலன்னா, இனிமேலும் ஆவாதா? அந்த வீட்டுக்கெல்லாம் போயி மொதல்ல அவுத்து விடுங்க. இன்னைக்கே போங்க."

காசிலிங்கம் பச்சைக் கம்பியை அவிழ்த்துவிட்டுப் போனார். குமரவேல் ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தான். கிணற்றடியில் வாளியோடு நின்றவனிடம் வேணி போய் நின்றாள்.

"நீங்கதான் சேக்கச் சொன்னியளா?"

அவன் மறுக்கவில்லை. "பின்ன என்ன செய்யச் சொல்லுத? மறுபடியும் போயி அண்ணன் முன்னால நிக்கச் சொல்லுதியா?"

"நிக்கணும்."

"உனக்கென்ன, சொல்லிருவ."

"அத்தான் எல்லார் முன்னாலயும் என்னையத்தான் குத்தஞ் சொன்னாவ. நீங்க கேட்டுக்கிட்டு நின்னிய."

"இப்ப போயிச் சொல்லி என்ன ஆவப்போவுது வேணி? மதினிக்குத்தான் ஒண்ணும் ஆவலல்லா."

அவள் வாளியைத் தாண்டி உள்ளே நடந்தாள். சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் போயிருக்கிறது.

நீலாம்பாள் வீட்டுக்கு வந்த மறுநாள் மழை வெறித்திருந்தது. வேணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கிணற்றடிக்குப் போனாள். மேல்மண் நெகிழ்ந்து கிடந்தது. ஒரு முழத்துக்குக் கீழே சுக்கான்கல் தட்டியது. ஒவ்வொரு குத்துக்கும் கடப்பாரை கையில் அதிர்ந்தது. டைப் அடித்துப் பழகிய விரல்கள். கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்கை கன்றிவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டுக் காந்திமதிநாதன் பின்கட்டு வாசலுக்கு வந்தார். "யாரக் கேட்டுத் தோண்டுத?"

"யாரையும் கேக்கல அத்தான்."

"ஏலே குமரவேலு! உன் பொண்டாட்டிய உள்ள கூப்பிடு. இப்பவே கூப்பிடு."

குமரவேல் வந்தான். அண்ணனைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், அங்கேயே நின்றான். அவனைப் பார்க்கப் பார்க்க வேணிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கடப்பாரையை ஓங்கிப் போட்டாள்.

அப்போது பின்னாலிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அவள எதுக்குக் கூப்பிடச் சொல்லுதிய? தோண்டட்டும்."

"நீ போயிப் படு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கா தெரியாது? கைய விட முடியாம நின்னது நான்லா. கண்ணு தெரியுது, காது கேக்குது, வாய் மட்டும் தொறக்க முடியல. நீங்க பேப்பர்ல எழுதிப் பங்கு பிரிக்க வரைக்கும் நான் சாவாம இருக்கணும்லா? இந்தப் புறவாசல்ல நீங்க ரெண்டு பேரும் என்னைக்காவது ஒரு வாளி தண்ணி எறச்சிருக்கியளா? பாத்திரம் கழுவுதது நானு, துணி தொவைக்கது அவ. எங்களுக்கு எவன் அனுபவம் எழுதித் தரணும்?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "இவ பலகைய எடுக்காம கைய வச்சிருந்தா ரெண்டு பொணம் கெடந்திருக்கும்."

காந்திமதிநாதன் வேட்டியை ஒருதரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குமரவேல் கிட்டே வந்து கையை நீட்டினான். வேணி கடப்பாரையைக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் குழி தோளளவு இறங்கியது. காசிலிங்கம் கூப்பிடாமலே மறுநாள் குழாயும் கரிமூட்டையும் கொண்டுவந்தார். கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று வேணிதான் நின்று போட வைத்தாள். புதுப் பச்சைக் கம்பி எதிலும் சேராமல் நேராகக் குழாய்க்குப் போகிறதா என்று, முனையிலிருந்து முனைவரை கையால் தடவிக்கொண்டே நடந்து பார்த்தாள். வீட்டுக்கு வருகிற கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே காசிலிங்கம் ஒரு பல்பைப் பிடித்துக் காட்டினார். பளீரென்று எரிந்தது.

"மண்ணு நல்லாப் பிடிச்சிருக்கும்மா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூத்தவாள் கேட்டாவ, அவுங்க கட்டுல இருக்க பிளக்குக்கும் இதுலருந்தே ஒரு கம்பி இழுக்க முடியுமான்னு."

வேணிக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. "எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அந்த முன்கட்டில்தான் கட்டுப்போட்ட கையோடு நீலாம்பாள் படுத்திருந்தாள்.

"இழுங்க" என்றாள்.

குமரவேல் கிணற்றடியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். "ஒரு வழியா எல்லாம் சரியாயிட்டு" என்றான்.

"அண்ணன்ட்ட சொல்லிட்டியளா?"

"சொல்லணும். நேரம் பாத்து..."

"இப்ப போங்க. நான் இங்கனதான் நிப்பேன்."

அவன் ஈரக் காலோடு முன்கட்டுக்குப் போனான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "அண்ணே" என்று ஒரு குரல், அதன்பின் முணுமுணுப்பு. நாற்காலி பின்னுக்கு நகர்கிற சத்தம். "நீயாலே? நீயா சேக்கச் சொன்ன? ஆஸ்பத்திரியில நான் அந்தப் புள்ளையப் பேசும்போது வாய மூடிக்கிட்டா நின்ன?" என்று காந்திமதிநாதன் குரல் வீட்டின் நீளத்துக்கும் வந்தது. நிற்கவில்லை, மேலும் மேலும் உயர்ந்தது.

வேணி அவர்களுக்கு நடுவில் போகவில்லை. அவன் தனியாகவே நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உப்புப் பிசுபிசுத்த கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். காலையில் வைத்த உளுந்தஞ்சோறு ஆறிப்போய் அப்படியே இருந்தது. எள்ளுத் துவையலை வைத்துப் பிசைந்து, தட்டை எடுத்துக்கொண்டு நீலாம்பாளிடம் போய் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் சத்தம் இன்னும் ஓயவில்லை.

"வாயத் தொறங்கக்கா" என்றாள்.

நீலாம்பாள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "நீ சாப்பிட்டியாட்டி?" என்றாள்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த உருண்டையை வேணி தன் வாயில் போட்டுக்கொண்டாள்.